கையை மேலே தூக்கு

எங்கள் வீட்டில் யாருக்கும் குத்துச்சண்டை பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து நான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், "ரெண்டு பேரு அடிச்சிக்கறத பாக்கறதுல உங்களுக்கு இன்னா அவ்ளோ சந்தோஷம்?" என்று மனைவி கேட்பாள். சந்தோஷத்துக்காக நான் பார்ப்பதில்லை என்று அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், பிறகு எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். காலேஜ் நாட்களில் பாக்சிங் போட்டவன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் என் தொப்பையைப் பார்ப்பார்கள், அப்புறம் மரியாதைக்கு "அப்படிங்களா" என்பார்கள். அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன்.

எல்லாச் சண்டைகளையும் நான் பார்ப்பதில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது போல நின்று, புத்தகத்தில் போட்டிருப்பது போலக் குத்துகிறவர்களை நான்கு நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியாது. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானே அந்த ரகம்தான். நான் பார்ப்பது வேறு ஆட்களை. எதிரே நிற்கிறவனுக்குக் கடைசிவரை பிடிபடாமலே போனவர்களை.

ஒருவர் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு யாரும் அப்படி ஆடமாட்டார்கள். இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே விட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். குத்து வரும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார், அவ்வளவுதான். தலையை நேராகப் பின்னால் சாய்க்காதே என்பது உலகத்தில் எந்த ஊர்ப் பயிற்சியிலும் முதல் நாள் பாடம். அந்தப் பாடத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் அவர் கேட்கவில்லையா தெரியாது. குத்து மூக்குக்கு முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றுவிடும். வயதான பிறகு கால் முன்போல ஓடவில்லை. அப்போது இன்னொன்று செய்தார். தன்னைவிடப் பலசாலியான ஒருவனை எதிர்த்து, கயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அடி என்று உடம்பைக் காட்டினார். அவன் அடித்தான், அடித்தான், கை ஓயும்வரை அடித்தான். இவருடைய மூலையில் நின்ற பயிற்சியாளர்கள் கயிற்றை விட்டு வெளியே வரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்கள். இவர் கேட்கவே இல்லை. அவன் ஓய்ந்த பிறகு நிமிர்ந்து நின்று அவனை வீழ்த்திவிட்டார்.

அந்தச் சண்டையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லோரும் அவர் ஜெயிப்பதைப் பார்ப்பார்கள். நான் மூலையில் கத்துகிறவர்களைப் பார்ப்பேன்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். குட்டையான ஒருவர், ரிங்குக்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அந்த நிலையில் நின்று ஒரு ஈயைக்கூட விரட்ட முடியாது என்று நினைப்போம், அடுத்த நொடி எதிராளி தரையில் கிடப்பான். ஒரு கிழவர், நாற்பதைத் தாண்டியும் விடாமல் சண்டை போட்டவர், இரண்டு கையையும் முகத்துக்குக் குறுக்கே மடித்து வைத்துக்கொண்டு, குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்தியவர் மாதிரி வருவார். இப்போதைய ஆட்களில் இடது கைக்காரர் ஒருவர் இருக்கிறார். எதிரே நின்றுகொண்டிருந்தவர் எப்போது பக்கவாட்டுக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. அவரோடு மோதியவர்களில் சிலர் இடைவேளையில் உட்கார்ந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கவே மறுத்துவிட்டார்கள். ரொம்ப அடி பட்டு அல்ல. புரியாமல் போய்.

புரியாமல் போவது எவ்வளவு பெரிய வலி என்று எனக்குத் தெரியும். பரங்கிப்பேட்டைக்காரன் ஒருவன் எனக்கு அதைக் காட்டியிருக்கிறான்.

சிதம்பரத்தில் படித்த காலத்தில் நான் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். காலேஜில் பழைய கூடம் ஒன்றில் ரிங் கட்டியிருந்தார்கள். தென்னைநார் மெத்தைகளைப் பரப்பி மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியது. ஓரத்தில் தடுக்கினால் கால் மாட்டிக்கொள்ளும். பி.டி. மாஸ்டர் வாலிபால்காரர். குத்துச்சண்டையில் அவருக்குத் தெரிந்தது கிளவுஸ் சிவப்பா நீலமா என்பது மட்டும்தான். இரண்டாம் வருடத்தில், "நீதான் சீனியரு, நீயே பசங்கள பாத்துக்கோ" என்று விசிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விசிலோடு தலைக்கனமும் சேர்ந்து வந்தது. என்னிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது, படம் போட்டு விளக்கம் சொல்வது. அதை நான் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். அந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாகச் சண்டை போடுகிறவன் யாரும் இல்லை, அவன் வரும்வரை.

அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். ஒல்லி, கை மட்டும் நீளம். வந்த முதல் நாள் வாசலில் நின்று, "மச்சான், செருப்ப எங்க உடறது?" என்று கேட்டான். யாரையும் முதல் பேச்சிலேயே மச்சான் ஆக்கிவிடுவான். விசில் வைத்திருப்பவனை மச்சான் என்கிறானே என்று எனக்கு அப்போதே சுருக்கென்று இருந்தது. கொஞ்சம் தட்டி வைக்கலாம் என்று அன்றைக்கே கிளவுஸ் மாட்டச் சொல்லி எதிரே நிறுத்தினேன்.

அவன் கையைத் தூக்கவே இல்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு, கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். நான் இடது கையை நீட்டினேன். அவன் தலை அங்கே இல்லை. வலது கையை விட்டேன். அங்கேயும் இல்லை. அவன் வேகமானவன் என்றால் என்னால் புரிந்துகொண்டிருக்க முடியும். அவன் வேகமானவனே இல்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் தாமதமாகவே செய்தான். இப்போது குத்துவான் என்று நான் தயாராகும்போது குத்தமாட்டான். சரி, விட்டுவிட்டான் என்று நான் மூச்சு விடும்போது கீழேயிருந்து ஒரு கை வந்து தாடையில் உட்காரும். பலமான அடி இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் நான் என் கால் தடுக்கியே விழுந்தேன்.

விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "ஏன்டா கைய எறக்கி வெச்சிக்கற?" என்று கேட்டேன், ஏதோ அவன் நல்லதுக்குக் கேட்பவன் மாதிரி.

"மேல தூக்குனா எதிர்ல இருக்கறவன் தெரியமாட்றான் மச்சான். நம்ம கையே மறைக்குது" என்றான்.

அவ்வளவுதான் அவன் வித்தை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் முழிப்பான். யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தந்திருந்தால் அப்படி ஆடியிருக்க மாட்டான்.

அடுத்த ஒரு வருடத்தில் அவனோடு நான் எத்தனையோ நாள் பயிற்சிச் சண்டை போட்டேன். ஒரு நாள்கூட அவன் முகத்தில் ஒழுங்காக ஒரு குத்து வைக்க முடியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். புத்தகத்தைப் புரட்டுவேன். அந்தப் புத்தகத்தில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் மற்ற காலேஜ் பையன்களை ஜெயித்துக்கொண்டு வந்தான். ஜெயித்த பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, "எங்க மாஸ்டரு" என்று அவர்களிடம் காட்டுவான். எனக்கு வயிறு எரியும். எரிகிறது என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளாமல் இருந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

அவனுக்கு ஜெயிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பயிற்சி முடிந்து கூடத்து வாசலில் உட்கார்ந்து கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அவனே சொன்னான். அவனுடைய வாப்பா இருபது வருடம் வெளிநாட்டில் கடையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். வந்த கையோடு மகனுக்கு அதே கடையில் விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி வருவாரு மச்சான். ஒரு மாசம் இருப்பாரு. நான் பழகறதுக்குள்ள கெளம்பிடுவாரு. சின்ன வயசுல எனக்கு வாப்பான்னா செவுத்துல மாட்டுன போட்டோதான். நானும் அதே மாதிரி போட்டோவுல இருக்கணுமா சொல்லு?"

வாப்பாவிடம் சண்டை போட்டு ஒரு தவணை வாங்கியிருந்தான். கடலூரில் நடக்கும் மாவட்ட அணித் தேர்வுப் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் இங்கேயே ஏதாவது அரசு வேலைக்கு முயற்சி செய்யலாம். தோற்றால் மறுபேச்சு இல்லாமல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதுதான் பேச்சு. அவன் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நீ ஜெயிச்சிடுவடா" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு சின்னப் போட்டி நடந்தது. அதில் அவன் தோற்றான். அவன் மேல் அடியே விழவில்லை, ஆனாலும் தோற்றான். நடுவராக இருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் வெளையாட்றாம்பா, பாக்சிங் பண்ணல. கைய எறக்கி வெச்சிட்டு நின்னா எவன் மார்க் போடுவான்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்குக் கவலை வரவில்லை, நிம்மதி வந்தது. நான் படித்த புத்தகம் சரி, இவன் தப்பு என்று ஒரு வெளியாள் சொல்லிவிட்டார்.

மறுநாளே அவனைத் திருத்த ஆரம்பித்தேன். ஸ்கிப்பிங் கயிற்றைப் பின்கழுத்தில் போட்டு இரண்டு நுனியையும் அவன் மணிக்கட்டுகளில் கட்டினேன். கையை இறக்கினால் கயிறு கழுத்தை இழுக்கும். தாடைக்கடியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, பந்து விழாமல் ரிங்கைச் சுற்றி வரச் சொன்னேன். பந்து விழும்போதெல்லாம் விசில் ஊதினேன். "கையை மேலே தூக்கு" என்று அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ. கழுத்துப் பின்னால் அவனுக்குத் தோல் உரிந்து சிவந்துவிட்டது. எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தான். "எனக்கு பழக்கம் வரமாட்டேங்குது மச்சான்" என்பானே தவிர, எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. புத்தகம் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான்.

நான்காவது வாரம் பழக்கம் வந்துவிட்டது. கயிறு இல்லாமலே கை மேலே நின்றது. அன்று பயிற்சிச் சண்டையில் முதல் முறையாக என் வலது கை அவன் மூக்கில் நேராகப் பட்டது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. என்னாலேயே இவனை அடிக்க முடிகிறது என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று யோசிக்க வேண்டியது அந்த இடத்தில்தான். நான் யோசிக்கவில்லை. அன்று பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கடலூர் வந்து சேர்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா தம்பி, வேல கெடச்சிடுச்சா?" என்று கேட்டார்.

தேர்வு கடலூர் ஸ்டேடியத்தில் நடந்தது. ரிங்கைத் திறந்த வெளியில் பந்தல் போட்டுக் கட்டியிருந்தார்கள். முற்பகல் வெயில். அவன் வாப்பா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தார். மகன் சண்டை போட்டு அவர் பார்த்ததே இல்லை. என்னிடம் வந்து, "அடி ஜாஸ்தி படுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். படாது என்று சொன்னேன்.

எதிராளி நெய்வேலிப் பக்கத்துப் பையன். கட்டுமஸ்தான உடம்பு, நேரான சண்டைக்காரன், என்னைப் போலவே புத்தக ரகம், ஆனால் என்னைவிடப் பலசாலி. மூன்று சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். எங்கள் பரங்கிப்பேட்டைக்காரனுடைய மூலையில் நான் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக நின்றேன்.

முதல் சுற்றில் அவன் கையை மேலே வைத்து, தாடையை இறக்கி, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஆடினான். அவ்வளவு அழகாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாகவும் இருந்தது. நெய்வேலிப் பையனுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு சந்தேகமும் வரவில்லை. இருக்கிற இடத்தில் அடித்தான். இரண்டாம் சுற்று கிட்டத்தட்டச் சமம். இடைவேளையில் அவன் உதடு வீங்கியிருந்தது. "சரியா பண்றேனா?" என்று கேட்டான். "கரெக்டா பண்ற, அப்படியே போ" என்றேன்.

மூன்றாம் சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் களைத்துவிட்டான். ஒன்றரை மாதப் பழக்கம் களைப்பில் கழன்று போயிற்று. இரண்டு கையும் தானாகக் கீழே இறங்கித் தொடைப் பக்கம் வந்து தொங்கின. கால் அகன்றது. எனக்குத் தெரிந்த அந்தப் பழைய ஆள் வந்து நின்றான்.

நெய்வேலிப் பையன் இடது கையை விட்டான், தலை அங்கே இல்லை. வலது கையை விட்டான், காற்றில் போயிற்று. போன வேகத்தில் தடுமாறிக் கயிற்றில் மோதினான். கூட்டம் சிரித்தது. கீழேயிருந்து ஒரு கை வந்து அவன் தாடையில் பட்டது. நின்று நிதானித்து வருவதற்குள் இன்னொன்று. அந்தப் பையன் கண்ணில் தெரிந்த திகைப்பு எனக்குப் பழக்கமானது. ஒரு வருடமாக அந்தக் கண்ணோடுதான் நான் பஸ்ஸில் போய் வந்திருந்தேன். படியில் வாப்பா எழுந்து நின்றுவிட்டார். இன்னும் அரை நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவன் ஜெயிக்கப்போகிறான் என்று அந்த மைதானத்தில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் கத்தினேன். "கையை மேலே தூக்கு. கை, கை, மேலே தூக்குடா." மூலையில் இருப்பவர்கள் சுற்று நடக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. ரெபரி என்னைத் திரும்பிப் பார்த்து விரலைக் காட்டி எச்சரித்தார். நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

அவன் கேட்டான். ஒன்றரை மாதம் அந்தக் குரலுக்குப் பழகிய உடம்பு. இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் ஏறி நின்றன. அவன் கையே அவன் கண்ணை மறைத்தது. பக்கவாட்டில் சுற்றி வந்த வலது கைக் குத்தை அவன் பார்க்கவே இல்லை. முழங்கால் மடங்கிற்று. ரெபரி எட்டு வரை எண்ணினார். மீதி நேரம் அவன் நின்றதே பெரிய காரியம். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் நெய்வேலிப் பையனுக்குப் போட்டார்கள்.

அந்தப் பையன் நல்லவன். முகம் கழுவுகிற குழாயடியில் என்னிடம் வந்து, "கடைசி ரவுண்டுல கொஞ்ச நேரம் எனக்கு வேர்த்து கொட்டிடுச்சுண்ணே. எங்க அடிக்கறதுன்னே தெரியல. நல்ல வேள, கைய தூக்கிட்டாரு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். நான் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் கத்தினேன் என்று இத்தனை வருடமாக நான் எனக்குப் பல பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பழக்க தோஷம், பதற்றம், அவன் மேல் அக்கறை. எல்லாம் கொஞ்ச நாள் தாங்கும். உண்மை வேறு. கையை இறக்கிவிட்டு அவன் ஜெயித்திருந்தால், நான் சொல்லிக்கொடுத்தது எல்லாம் குப்பை என்று ஆகியிருக்கும். அவன் என்னுடைய ஆளாக ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெயிக்கவே வேண்டாம் என்று அந்த ஒரு நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்தது. அது நான்தான், வேறு யாருமில்லை.

அவன் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து கையில் இருந்த துணியை மெதுவாக அவிழ்த்தான். அது என்னுடைய துணி. ஒழுங்காகச் சுருட்டி என் கையில் கொடுத்தான். வாப்பா வந்து அவன் தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார். அந்த மௌனத்தை நான் குற்றச்சாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினான். வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று பதில் சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

இருபத்திரண்டு வருடம். போன் வந்த பிறகு பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். அவன் கடை வாசலில் நிற்கிற படம் அனுப்புவான். அவன் ஊரில் இல்லாத நேரத்தில் எடுத்த மகளின் படங்களையும் அனுப்புவான். அந்தப் படங்களில் எல்லாம் அவன் மனைவியும் மகளும்தான் இருப்பார்கள். ஒரு படத்தில் மட்டும் பின்னால் சுவரில் சட்டம் போட்ட போட்டோவாக அவன் இருந்தான். அதை நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவன், பத்திரிகை கொடுக்கக் கடலூர் வரை வந்திருந்தான். முடி கொட்டியிருந்தது, தாடியில் நரை. வாசலில் நின்று, "மச்சான், செருப்ப எங்க உடறது?" என்றான். என் மனைவி டீ கொண்டுவந்தாள். "நீங்களும் பாக்சிங்குங்களா?" என்று கேட்டாள். "இவன்தாம்மா எனக்கு கத்துக் குடுத்ததே" என்றான்.

எப்படியும் இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நேராக ஆரம்பிக்கத் தைரியம் வரவில்லை. போனை எடுத்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடும் அந்தப் பெரிய ஆளின் சண்டையைப் போட்டு அவனிடம் கொடுத்தேன். இதைப் பார்த்தால் அவனே புரிந்துகொள்வான், நீ செய்ததும் இதுதானடா என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தான். ஒரு நிமிடம் போயிருக்கும். தலையை ஆட்டினான்.

"கைய எறக்கி வெச்சிருக்கான் பாரு. தப்பு மச்சான். என்ன மாதிரியே மாட்டிக்கப் போறான்."

"அவரு உலக சேம்பியன்டா" என்றேன்.

"இருக்கட்டும். நீ அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்ட. நான்தான் கேக்கல. மூணாவது ரவுண்டுல பழைய புத்தி வந்து கைய எறக்கிட்டேன். எறக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன். அங்க கடையில தனியா நிக்கும்போதெல்லாம் அதத்தான் நெனச்சிப்பேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "உன் மொகத்துல முழிக்கவே வெக்கமா இருந்துச்சு. அதான் அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணும் பேசல."

இருபத்திரண்டு வருடம் அவன் என்னைக் குற்றம் சொல்கிறான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். அதுவும் அவன் சரியாகச் செய்த ஒரே அரை நிமிடத்துக்காக.

"இல்லடா," என்றேன். "தப்பு என்னுது. அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது. நீ கைய எறக்கினப்பதான் அவன் தெணறினான். நான் கத்தினதாலதான் நீ அடி வாங்குன."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். நான் மீதியைச் சொல்ல வாய் திறந்தேன். அவன் ஜெயிக்கப்போகிறான் என்று தெரிந்தேதான் கத்தினேன் என்பதுதான் மீதி. அதற்குள் அவன் சிரித்துவிட்டான். எழுந்து வந்து பக்கத்தில் நின்று, என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"உடு மச்சான். இத்தன வருசமா இத மனசுல வெச்சிட்டு இருந்தியா? கத்துனா இன்னா. நீ எனக்காகத்தான கத்துன?"

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோளை விட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்து நின்றான், கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு.

"ஆமாண்டா" என்றேன்.